சிவப்பணுவுக்குள் நீலப் புள்ளிகள்

கரும்பழுப்பு மருந்து கலந்த பாட்டில் கட்டிலுக்கு மேலே தொங்கியது. குழாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் பேட்டரிக்காரரின் மனைவிக்கு ரத்தம் ஊறவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. இன்று நரம்பு வழியாகவே இரும்பை ஏற்றிவிடுவது என்று டாக்டர் முடிவு கட்டியிருந்தார். வெளிறிப்போன மனைவியையே பார்த்தபடி நின்றார் பேட்டரிக்காரர்.

"டாக்டர், நில்லுங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார் லேப்காரம்மா. மெஷின் தரும் எண்களை மட்டும் நம்பி உட்காராத ஆள்.

"சிவப்பணு சின்னதா, வெளுத்துப்போய் இருக்குன்னு நீங்கதானே ரிப்போர்ட் குடுத்தீங்க? இரும்பு பத்தலைன்னு அர்த்தம். இதுல என்ன சந்தேகம்?" டாக்டரின் குரலில் சூடு.

"சேமிப்பு இரும்பையும் பார்த்துட்டேன். தாராளமா இருக்கு. இருக்கிறதே உள்ள போகல, மேல மேல கொட்டி என்ன ஆகப்போகுது? பத்தே நிமிஷம் குடுங்க."

டாக்டரின் கை குழாயிலிருந்து இறங்கியது.

நோயாளியின் விரலில் ஒரு குத்து. துளிர்த்த ரத்தத்தை அங்கேயே கண்ணாடித் தகட்டில் ஒரே இழுப்பில் பரப்பினார் லேப்காரம்மா.

"காலையிலயே டியூப்ல எடுத்தாங்களே மேடம்?" என்றார் பேட்டரிக்காரர்.

"உறையாம இருக்க அதுல மருந்து இருக்குண்ணே. அது சில தடயத்தை மங்க வச்சிரும்."

லேபுக்குப் போய்ச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கண் பதித்தார். பிறகு கூடவே வந்த பேட்டரிக்காரரையும் பார்க்கச் சொன்னார். வெளிறிய வட்டங்கள். சிலவற்றுக்குள் பொடிப்பொடியாய் நீலப் புள்ளிகள்!

"எலும்பு மஜ்ஜையில ரத்த அணு உருவாகும்போது உள்ள இரும்பு போய் உட்காரணும். அப்பத்தான் காத்தைச் சுமக்கும். இங்க இரும்பு வாசல்லயே நிக்குது. எவனோ வழி மறிக்கிறான். நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"பழைய பேட்டரிய உடைச்சு ஈயத்தை..."

"எங்க வச்சு உருக்குறீங்க?"

"வீட்டுக்குப் பின்னாலதான்."

"வேலைத்துணி?"

"அவதான் உதறி உதறித் துவைப்பா."

லேப்காரம்மா விடுவிடுவென்று வார்டுக்குத் திரும்பி, "வாயைத் திறங்கம்மா" என்றார். ஈறோரம் மெல்லிய கருநீலக் கோடு. "ஈயம் உடம்புல ஏறினா இந்தக் கோடும் வரும், ரத்தத்துல அந்த நீலப் புள்ளியும் வரும், டாக்டர்."

டாக்டர் பாட்டிலைத் தன் கையாலேயே கழற்றினார். ஈயப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதியபடியே, "நான் கோட்டை விட்டுட்டேன். உங்க கண்ணுக்கு ஒரு கும்பிடு" என்றார்.

"கும்பிடு இருக்கட்டும். லேபுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிக் குடுங்க. முதுகு போகுது."

மாலையில் முடிவு வந்தது. ஈயம்தான், ஆபத்தான அளவு.

"பொழைச்சிருவாளா மேடம்?"

"ஈயத்தை வெளியேத்த மருந்து இருக்கு. ஆனா மறுபடி உள்ள வராம அடைக்கிறது உங்க கையில."

பேட்டரிக்காரர் அப்போதே கூட்டாளியான மச்சானுக்குப் போன் போட்டார். "மச்சான், உலையை அணை. சட்டியைத் தொடாத. இனிமே வீட்டுப்பக்கம் ஒரு பொட்டு ஈயம் உருகக் கூடாது... வேற எங்கயா? அதை அப்புறம் பேசலாம். இப்ப அணைடா!"

கட்டிலிலிருந்து மெலிந்த குரல் வந்தது. "அவனையும் இங்க வந்து டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கச் சொல்லுங்க. நீங்களும்தான். ஊசின்னா ஓடுற ஆளுங்க ரெண்டு பேரும்!"

பேட்டரிக்காரர் சட்டைக்கையை மடக்கினார்.