இரண்டு மணிக்குப் பிடுங்கிய பிளக்

கோலார் தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் ஐந்துக்கும் ஒரே இணைய இணைப்பு. ரவுட்டர் மமதா அக்கா வீட்டில் இருக்கிறது. காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அது அவளுக்கு. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். ஷிப்ட் முடிந்ததும் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுவாள். எல்லார் போனிலும் வைஃபை போய் வரும். சுரங்கம் மூடிய பிறகு லைனுக்கு அதுதான் ஷிப்ட் சங்கு. இனி அவரவர் இஷ்டம்.

அன்று மதியம் இரண்டரைக்கு என் வாசலில் வந்து நின்றாள்.

"கதிரு, மூணு மணிக்கு இன்டர்வியூ. லேப்டாப்புல ஒரு பக்கம் தொறக்க ஒரு நிமிஷம் ஆவுது. வந்து இன்னான்னு பாரு."

விஷயம் லைன் முழுக்கத் தெரியும். அடுத்த மாதத்திலிருந்து ஆபீசுக்கு வரவேண்டும் என்று அவள் கம்பெனி சொல்லிவிட்டது. போனால், விடியுமுன் ரயில், இருட்டிய பிறகு வீடு. இந்த இன்டர்வியூ தேறினால் வேறு கம்பெனியில் வீட்டிலிருந்தபடியே வேலை.

நான் பெங்களூரில் ஒரு ஹெல்ப் டெஸ்கில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வேலையிலிருந்து நின்றவன். தூக்கம் வேண்டியிருந்தது, நின்றேன். வேலை தெரியாமல் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு ஈவ்லின் ஆன்ட்டி போனைத் தூக்கிக் காட்டியபடி வெளியே நின்றார்.

"பாருப்பா, வைஃபைய ஆஃப் பண்ணிட்டேன். ரெண்டு வாரமா என்னியத் திருடி மாதிரி பாக்குறா."

"நீங்கதான ஆன்ட்டி ரெண்டு மணியாச்சுன்னா ஜெப வீடியோ போடுறது," என்றாள் அக்கா.

"ஜெபம் பண்ணா நெட்டு ஸ்லோ ஆவுதா? நல்லா கீது உன் நியாயம்."

அக்காவின் போனை வாங்கி அதே வைஃபையில் அதே பக்கத்தைத் திறந்தேன். உடனே வந்தது. லேப்டாப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணைப்பின் மேல் குற்றமில்லை, ஆன்ட்டி மேலும் இல்லை. ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"ஆபீஸ்ல புது விபிஎன் போடச் சொன்னதுலேர்ந்து. காலையில அது வழியாத்தான் ஆபீஸ் நெட்டுக்குள்ள போவேன். அப்பல்லாம் நல்லாத்தான் ஓடுது."

"ஷிப்ட் முடிஞ்சா அதை டிஸ்கனெக்ட் பண்றியா?"

"அதான் பிளக்கப் புடுங்குறனே. தானா போயிடும்."

லேப்டாப்பின் பிராக்சி செட்டிங்கைத் திறந்தேன். அவள் கம்பெனியின் உள் முகவரி ஒன்று அப்படியே நின்றது. விபிஎன் ஓடும்போது எந்தப் பக்கமானாலும் அந்த முகவரியைக் கேட்டுத்தான் திறக்கும். ஒழுங்காக டிஸ்கனெக்ட் செய்திருந்தால் மென்பொருளே அதை எடுத்துவிட்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கியதில் அந்த வேலை பாதியில் நின்றது. வெளியிலிருந்து எட்டாத அந்த முகவரியைப் பிரவுசர் ஒவ்வொரு முறையும் தேடி, காத்திருந்து, சலித்து, பிறகே நேர்வழிக்கு வந்தது.

"ஆளு ஏத்தி வர்ற கேஜ் மேல வந்து சேர்றதுக்குள்ள கரண்ட ஆஃப் பண்ணிட்ட," என்றேன்.

"எங்கப்பா மாதிரி சுரங்கக் கதை பேசாத. சரி பண்ணு."

"விபிஎன்ன மறுபடி போடு. அப்புறம் ஒழுங்கா டிஸ்கனெக்ட் பண்ணு."

"ஐயோ, லாகின் ஆனா எங்க மேனேஜர் மெசேஜ் போடுவாரு."

"போடட்டும். உனக்கு இன்டர்வியூ வேணுமா, மேனேஜர் வேணுமா?"

போட்டாள். ஆபீஸ் சாட்டில் அவள் பெயருக்குப் பச்சை விளக்கு வந்த மறுகணமே மேனேஜர் கேட்டார், ஃப்ரீயா என்று. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் டிஸ்கனெக்டை அழுத்தினேன். பிராக்சி செட்டிங் காலியானது. பிரவுசரை மூடித் திறந்தேன். இன்டர்வியூ பக்கம் கண் இமைக்குமுன் வந்து நின்றது.

"இனிமே மொதல்ல டிஸ்கனெக்ட், அப்புறம் பிளக்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

லைன் வீட்டுச் சுவர் எதையும் மறைக்காது. என் வீட்டில் உட்கார்ந்தே இன்டர்வியூ முழுவதும் கேட்டேன். கடைசியில் இன்டர்வியூ எடுத்தவர் கேட்டார், கோலார் தங்கவயலில் இணையம் நம்பும்படி இருக்குமா என்று. அக்கா திரையைப் பகிர்ந்து, எந்தத் தளம் வேண்டுமோ சொல்லுங்கள், இப்போதே திறக்கிறேன் என்றாள். அவர் ஏதோ சொன்னார். திறந்தாள். இன்னொன்று சொன்னார். அதையும் திறந்தாள். அடுத்த மாதம் முதல் தேதி சேரச் சொன்னார்கள்.

அக்கா வெளியே வந்து லைன் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள், "வேலை வந்திடுச்சி. நம்ம கதிருதான் சரி பண்ணான்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஈவ்லின் ஆன்ட்டி, "இவ்ளோ தெரிஞ்சவன் இன்னாத்துக்குடா வேலைய வுட்ட?" என்றார்.

"வேலைய வுடல ஆன்ட்டி. ராத்திரியத்தான் வுட்டேன்."

அவள் இனி இருட்டில் ரயிலுக்கு ஓட வேண்டாம். அதில் பாதி அவள் வாயால் வந்தது, பாதி என் கையால். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.