கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தவை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன மாதம் வாங்கிய புது லெப்டொப்பைத் திறந்து முதல் வரியை அடிப்பதற்குள், நான் கேட்காத பாதுகாப்பு மென்பொருள் ஒன்று திரையை மறித்து, என் கணினி ஆபத்தில் இருப்பதாக அலறியது. விலை கொடுத்தது நான். உள்ளே சட்டமாக உட்கார்ந்திருப்பது எவனோ.

அந்த எரிச்சலை என் கதையின் நாயகி சுலக்ஷனாவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு என்னைவிட அதிக நியாயம் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: நோட்டன் பிரிட்ஜ் மலைகளைப் பனி மூடியிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருமல் சத்தம்

(நிறுத்துகிறேன். இந்தப் பனியை யார் கேட்டார்கள்? இலங்கை மலையகம் என்று அடித்ததும் பனி, அட்டைக்கடி, கொழுந்துக்கூடை, இருமும் அம்மா எல்லாம் தானாக வந்து குந்திக்கொள்கின்றன. யாரோ எனக்குள் முன்கூட்டியே போட்டு வைத்தவை. கழற்றுகிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, நல்ல வெயில். இருபத்து மூன்று வயதுச் சுலக்ஷனா லயத்து ஒற்றையறைக் காம்பராவில் புது லெப்டொப்பின் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மறுநாள் பத்து மணிக்கு அவளது பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை, இணையத்தில். பரீட்சைத் திரைக்கு மேல் வேறு எது திறந்தாலும் பரீட்சை மென்பொருள் அதைக் களவு என்று எடுத்துக்கொண்டு ஆளை வெளியே தள்ளிவிடும். ஒத்திகையில் இரண்டு தடவை தள்ளிவிட்டது. இரண்டு தடவையும் குறுக்கே வந்தது அந்தப் பாதுகாப்பு மென்பொருள்தான். நாளைக்கும் வந்தால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

3

அந்த மென்பொருளைக் கழற்ற விடாமல் தடுத்தவர் அவளுடைய அப்பா பழனியாண்டி. முதல் வரைவில் அவரை விவரமில்லாத மனிதராக எழுதியிருந்தேன். அது பொய். அவருக்கு விவரம் இருந்தது, பயமும் அதிலிருந்துதான் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் லயத்தின் ஒழுகிய கூரையில் இற்றுப்போன தகரத்தைக் கழற்றித் தன் சொந்தத் தகரத்தைப் போட்டார். தோட்டத்துச் சொத்தில் கைவைத்தார் என்று தோட்டக் கம்பனிக்காரர்கள் விசாரணை வைத்து, இரண்டு வாரம் வேலையை நிறுத்தினார்கள். மழை அவர் தலையில்தான் ஒழுகியது என்பதை விசாரணையில் யாரும் பொருட்படுத்தவில்லை.

"கம்பனி போட்டுக் குடுத்தத நாமளா கழட்டக் கூடாது புள்ள. கேட்டுட்டுச் செய்வோம்."

"யாருகிட்டப்பா கேக்குறது? இது நம்ம சாமான்."

"வித்தவங்ககிட்ட கேப்போம். ஒரு கடுதாசி எழுது. தயவுகூர்ந்துன்னு ஆரம்பி."

இதை எழுதியபோது சிரித்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். என் லெப்டொப்பில் அந்தச் சனியன் இன்னும் இருக்கிறது. கழற்றப் போய் எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று பயம். இந்த லட்சணத்தில் அவரைப் பற்றிக் கதை எழுத வந்துவிட்டேன்.

சுலக்ஷனா எழுதிக் கொடுத்தாள். இருவரும் பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போனார்கள். லெப்டொப் விற்ற கடைக்காரர் சுதாகரன் கடிதத்தை முழுதாக வாசித்து, மடித்து, மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார்.

"கழட்டினா கேரண்டி போயிருங்க. அப்படியே இருக்கட்டும்."

திரும்பி வரும்போது சுலக்ஷனா கேரண்டி அட்டையை இரண்டு பக்கமும் இரண்டு முறை வாசித்தாள். அப்படி ஒரு வார்த்தை அதில் இல்லை.

(இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள் மேடையேறிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.)

4

வீட்டுக்கு வந்ததும் அட்டையைத் தமிழில் வரிவரியாக அப்பாவுக்குச் சொன்னாள். அவர் கடைசி வரிவரை கேட்டார்.

"அப்ப அந்தாளு நம்மள ஏமாத்திட்டான். கழட்டு."

கேட்காமல் கூடவே வந்திருந்த விளையாட்டு போனது. இணையக் கடை போனது. வானிலை போனது. பாதுகாப்பு மட்டும் நிச்சயம்தானா, நிச்சயம்தானா என்று மூன்று தடவை கேட்டது. பிறகு ஒரு கட்டத்தை நீட்டியது. அதை நிரப்பாமல் கடைசிப் பொத்தான் வேலை செய்யவில்லை.

"என்னா கேக்குது?"

"ஏன் கழட்டுறோம்னு காரணம் கேக்குதுப்பா."

பழனியாண்டிக்கு முகம் சிவந்தது. இத்தனை வருஷமாக ஒவ்வொன்றுக்கும் நின்றுகொண்டே காரணம் சொன்னவர் அவர்.

"உள்ள வரும்போது நம்மகிட்ட காரணம் சொல்லிட்டா வந்துச்சு?"

அவள் விரல்களை விசைகளின் மேல் வைத்தாள்.

"எழுது. எங்க சாமான். அவ்வளவுதான்."

அவள் அதையே தமிழில் அடித்தாள். பொத்தான் நிறம் மாறியது. அவள் கையை விலக்கிவிட்டு, அவரே அழுத்தினார்.

5

இனி முடிவு. இரண்டு முடிவுகள் எனக்குள் தயாராக இருக்கின்றன. ஒன்றில் சுலக்ஷனா பாஸாகிறாள், அப்பா அழுகிறார், லயம் முழுக்க இனிப்பு. மற்றதில் பத்துக்குச் சற்று முன் கரண்ட் போகிறது, அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். முதலாவது மலையகத்துக்காரர்களான எங்களைப் பாராட்ட விரும்புகிறவர்களுக்கு. இரண்டாவது எங்களைப் பார்த்து உச்சுக்கொட்ட விரும்புகிறவர்களுக்கு. இரண்டுமே அவளைக் கேட்டு எழுதியவை அல்ல. இரண்டையும் நீக்கிவிட்டேன்.

திங்கட்கிழமை, பத்துக்கு இரண்டு நிமிடம். திரையில் பரீட்சையைத் தவிர வேறெதுவும் இல்லை. பழனியாண்டி வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், யாரும் கதவைத் தட்டாதபடி வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே சுலக்ஷனா

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. நீங்கள் முடிப்பதானால், பத்து மணி தாண்டட்டும். அவள் வெளியே வந்ததும் அவளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.)