தெளிவாகக் கேட்கிற போன்

மீன் சந்தையில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏலம் விடுவது அவர் தொழில். படகுகள் கரை சேர்ந்ததும் கூடைகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று குரலெடுத்தார் என்றால், ஐஸ் உடைக்கிற சத்தமும் வண்டிகளின் இரைச்சலும் அதற்கடியில் அமுங்கிவிடும். மைக் வாங்கித் தரட்டுமா என்று வியாபாரிகள் சங்கத்தில் ஒருமுறை கேட்டதற்கு, "மைக்குக்கு வேணும்னா என்னை வாங்கிக் குடுங்க" என்றாராம்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டை கட்டியது. முதலில் சளி என்றார்கள். "ஊரைக் கூட்டிக் கத்தினா கட்டாம என்ன செய்யும்?" என்று அவர் மனைவி வெந்நீரும் உப்புமாகக் கொண்டுவந்து நீட்டினாள். கட்டின தொண்டை திறக்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, கடைசியில் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். குரல்வளையையே எடுத்தாக வேண்டும். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், மூச்சு அது வழியாகத்தான்.

"உயிர் இருக்கும். குரல் இருக்காது."

"உயிர் போதும் டாக்டர்" என்று அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்ற பார்வையா அது, இல்லை வெறும் பயமா என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் மனசு அரித்துக்கொண்டே வந்தது.

அதே ஆஸ்பத்திரியில், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்தி இருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே நல்ல போனாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். "எழுத்தை அடிச்சா அதுவே படிச்சுச் சொல்லிடும். ஆனா அது யாரோ ஒருத்தர் குரல். அதனால இப்பவே உங்க வாயால அன்றாடம் வேணுங்கற வார்த்தைகளைப் பேசிப் பதிஞ்சு வச்சுக்குங்க. அப்புறம் தொட்டாப் போதும், உங்க குரல்லயே சொல்லும்."

அவர்களிடம் இருந்தது மூடி கழன்று ரப்பர் பேண்டு போட்ட பட்டன் போன். மகளுக்குச் சொல்லி அனுப்பினாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிற மகள், மூன்று போன்களைத் தேர்ந்தெடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரின் போனுக்குக் கட்டம் கட்டி அனுப்பிவிட்டு, கூப்பிட்டும் விளக்கினாள்.

"முதல் போன்ல பேட்டரி நிக்கும்மா, விலையும் கம்மி. ரெண்டாவதுல திரை பெரிசு. மூணாவதுல கேமரா பிரமாதம்."

"குரலுக்கு எது நல்லதுன்னு அதுல போட்டிருக்கா?"

"அதை யாரும் போடறதில்லம்மா" என்றாள் மகள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சரி, காதிருக்கிறது, நாமே கேட்டுப் பார்த்துவிடுவோம் என்று அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கடையில் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. பாட்டு வேறு அலறியது. விற்பனைக்கு நின்ற பெண் எடுத்த எடுப்பில் ஒரு போனை நீட்டி இரண்டு பேரையும் படம் பிடித்துக் காட்டினாள். "பாருங்க, பத்து வயசு குறைஞ்சுட்டீங்க!"

"எங்களுக்குப் படம் வேணாம்மா. இவர் பேசணும், இது வாங்கிக்கணும், கேட்டா திருப்பிச் சொல்லணும். எது அப்படியே சொல்லும்னு பாக்க வந்தோம்" என்றவள், குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. நேரே போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்தாள். மகள் சொன்ன மூன்று போன்களையும் கண்ணாடி மேசை மேல் வரிசையாக வைத்து, மூன்றிலும் பதிவை ஓடவிட்டாள்.

"பேசுங்க" என்றாள் மனைவி.

"என்னத்தப் பேசறது?" தகரத்தில் மணலைத் தேய்ப்பதுபோல் வந்தது குரல்.

"வாயில வந்ததைப் பேசுங்க."

அவர் கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பழக்கதோஷம், முதுகு தானாக நிமிர்ந்தது. "கூடை நிறைஞ்ச மீனு, இப்பத்தான் கரை ஏறினது, கண்ணு பாருங்க கண்ணு, கண்ணாடி மாதிரி இருக்கு! ஒருதரம்... ரெண்டுதரம்..." மூன்றாவது தரத்தில் குரல் உடைந்து இருமல் பிடித்துக்கொண்டது. உறை வாங்க வந்தவர்கள், கண்ணாடி ஒட்ட வந்தவர்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கேமரா நன்றாக இருக்கிறதென்று மகள் சொன்ன போனை முதலில் போட்டுக் கேட்டார்கள். ஒன்றையும் விடாமல் வாங்கியிருந்தது அது. சொல்லுக்குச் சொல் நடுவே அவர் மூச்சுக்குத் திணறுவது, எச்சில் விழுங்குவது, அடித்தொண்டையில் ஏதோ கிழிகிற சத்தம். பக்கத்தில் படுத்திருந்தும் இத்தனை நாள் இவ்வளவையும் அவள் கேட்டதில்லை. பெரிய திரைக்காரப் போனிலும் கிட்டத்தட்ட அதேதான். கடைசியாக விலை கம்மியான போன். அதில் எல்லாம் மழுங்கிக் கேட்டது. மூடின கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல் இருந்தது. ஆனால் அந்த மழுங்கலில் கரகரப்பு கரைந்துபோய், கனத்த, உருண்டையான குரல் ஒன்று வந்தது. அவளுக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் கேட்ட குரல் அது.

"இதை எடுத்துக்கலாங்க."

"இதுவா? குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு."

"இதுலதான் நீங்க நீங்களா இருக்கீங்க."

"அது போன வருஷத்து ஆளு." அவர் கேமரா போனைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் நான். இப்ப இருக்கறவன். நாளைக்கு நான் தண்ணி கேட்டா அடுப்படியில இருக்கற உனக்குக் கேக்கணுமா வேணாமா?"

"எனக்குக் கேக்கும். இன்னொரு தரம் போட்டுப் பாருங்க."

"வேணாங்கறேன்ல."

அவள் பிடிவாதமாக அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். சங்கடத்தில் நெளிந்த விற்பனைப் பெண், "வீட்டுல கலந்து பேசிட்டு வாங்களேன், அவசரமில்ல" என்றாள்.

"பேசறதுக்குத்தானேம்மா எனக்கு அவசரம்" என்று அவர் சிரித்தார். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்கு மேல் மனைவியால் வாதாட முடியவில்லை. தெளிவாகக் கேட்கிற போனையே வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாட்களில் அவர் அறைக்குள் போய், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தார். அவள் வெளியே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. மெஷினை மிதிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தண்ணி குடு. ஃபேனைப் போடு. வலிக்குது. இப்ப வலிக்கல. யாரு வந்திருக்கா? உப்பு கம்மி. எல்லாம் இப்படியேதான். வேறொன்று வரும் வரும் என்று காத்திருந்து பார்த்தாள். அவர் வெளியே வந்ததும் கேட்டேவிட்டாள்.

"என்னைக் கூப்பிடறதைப் பதியலையா?"

"உன்னை என்னிக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்? 'இந்தா'ன்னா வந்து நிப்ப."

"அப்ப அதைப் பதிங்க."

மறுபடி உள்ளே போய், "இந்தா" என்று பதிந்துவிட்டு வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் அவர் கண் திறந்து, ஜாடையிலேயே இரண்டு நாள் ஓடியபின், அவள் மாத்திரை வாங்க வாசல் பக்கம் போனபோது முதுகுக்குப் பின்னாலிருந்து "இந்தா" என்றது. பழக்கத்தில் திரும்பி, "என்னங்க?" என்றுவிட்டாள். கட்டிலில் அவர் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் குறும்பு. நர்சுகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்த புதிதில் அந்த விளையாட்டு தொடர்ந்தது. குழம்பு வாயில் படும் முன்பே "உப்பு கம்மி" என்று அமுக்குவார். அவள் கரண்டியை ஓங்குவாள்.

பிறகு ஒருநாள் சந்தை ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவரிடத்தில் இப்போது இன்னொருவன் ஏலம் விடுகிறான் என்பதை ஆளாளுக்குச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். கிளம்பும்போது ஒருவர் போனை எடுத்து எதையோ தட்ட, "யாரு வந்திருக்கா?" என்று அது கேட்டது. "அடேய், நம்ம வெண்கலம்டா!" என்று அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். எல்லோரும் போனைச் சுற்றி நின்று மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரை யாரும் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். தன் வீட்டு விசேஷத்துக்கே அழைக்கப்படாதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் அவர் எழுத்து அடிக்க ஆரம்பித்தார். செய்தி வாசிக்கிறவன் மாதிரி ஒரு குரல், ஏற்ற இறக்கமில்லாமல், "தண்ணீர் வேண்டும்" என்றது. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டினார். இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தாள். ஆகவில்லை. ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் போனை எடுத்துத் தேடிப் பார்த்தாள். இருந்த பதிவு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அழித்திருந்தார்.

அவரை உலுக்கி எழுப்பினாள்.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க? உங்க குரல் உங்களுக்கு மட்டுந்தான் சொந்தமா? நான் ஒருத்தி இந்த வீட்டுல இல்ல?"

அவர் போனை வாங்கி நிதானமாக அடித்தார். செய்திக்குரல் படித்தது: "அந்த ஆள் பேசும்போது நான் செத்துப்போன மாதிரி இருக்கு."

அவர் சொன்னது அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. மன்னிக்கத்தான் மனசு வரவில்லை. போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு முழுக்க அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டுப் போனாள். தையல் மெஷினின் கடகடப்பைத் தவிர அந்த வீட்டில் சத்தமே இல்லை. அதுவும் நின்றபோது, அவர் கழுத்துத் துளை வழியாக மூச்சு போய் வருவது மட்டும் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் அவர் முக்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் நிமிரவில்லை. அவர் அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். போன் சொன்னது:

"நீயாவது பேசு."

அவள் மெஷினை நிறுத்தி, ஊசியடியில் இருந்த துணியை உருவினாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், கையிலிருந்ததையே எடுத்தாள்.

"இதைப் பாருங்க. உங்க மேல இருந்த கோபத்துல காலரைத் தலைகீழா வச்சுத் தைச்சிருக்கேன். இதைப் போட்டுக்கிட்டுப் போற பிள்ளை அண்ணாந்துக்கிட்டேதான் பாடம் படிக்கணும்..."

அவர் தோள்கள் குலுங்கின. சத்தமே வராத அந்தச் சிரிப்பை ஓரக்கண்ணால் பார்த்தபடி, சட்டைக்கடைக்காரர் செய்கிற அக்கப்போர், மாடிவீட்டுக்காரி துணி காயப்போடுகிற லட்சணம், மகள் காலையில் கூப்பிட்டது என்று அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். கை, காலரின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது.