குளத்தில் மீன் மிதந்த காலை

ராக்காயி கூடை நிறைய மீனோடு வந்தபோது ஆண்டியப்பன் அப்போதுதான் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"வலையும் போடல, தூண்டிலும் போடல. கரையோரமா வாயத் தொறந்துக்கிட்டு நின்னுச்சுங்க. கையாலயே அள்ளிக்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

எல்லாம் ஜப்பான் மீன் என்கிற திலாப்பியா. சிலது கூடைக்குள்ளும் வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் உடனே அரிந்து குழம்பு வைத்தாள். புருஷனும் பெண்சாதியும் மகள் அழகம்மாவும் ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சட்டியை வழித்தார்கள்.

எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இந்தச் சின்னக் குளத்தருகே காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். குளத்தின் மறுகரையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்யும் குடும்பங்கள் இருந்தன. இது நடந்த வருஷம் ஆவணி முடியும்போது குளம் பாதிக்கு மேல் வற்றி, மிஞ்சிய தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. சில நாளாக வானம் மூடியே இருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஒரு இலைகூட அசையவில்லை.

ஆண்டியப்பன் கை கழுவும்போது குளக்கட்டிலிருந்து மறுகரை வீரகத்தியின் குரல் கேட்டது. குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு வயல்களுக்கு விடும் பொறுப்பு அவருடையது.

"ஒருத்தரும் அந்த மீனைத் தொடாதேங்கோ! ஆரோ குளத்துக்கு நஞ்சு போட்டிட்டாங்கள்!"

ஆண்டியப்பன் சட்டியைத் திரும்பிப் பார்த்தான். முதல்நாள் பின்னேரம் அவன் மிளகாய்த் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தான். முடிந்ததும் மருந்து அடிக்கும் மெசினைக் கழுவ வேண்டும். எப்போதும் குளத்து ஓரத்தில்தான் கழுவுவான். நேற்றும் அங்கேதான் கழுவினானா? மருந்து அடித்து முடித்தபோது தலை கிறுகிறுத்தது நினைவிருந்தது. வாளியைத் தூக்கியது நினைவிருந்தது. அந்த வாளித் தண்ணீரை வேலியோரம் ஊற்றினானா, குளத்திலா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. குளத்தில் குனிந்து நின்று கழுவுவது கண்ணுக்குள் தெரிந்தது. ஆனால் அது போன தடவையாகவும் இருக்கலாம்.

"ஏங்க மொகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்று ராக்காயி கேட்டாள். "குழம்புல ஒரு கசப்புகூட இல்லியே. நஞ்சுன்னா நாக்குக்குத் தெரியாதா?"

"எல்லா மருந்தும் கசக்குமா?"

"எந்த மருந்து?"

உப்புத் தண்ணீர் கரைத்து வரச் சொன்னான். மூன்று பேரும் குடித்தார்கள். அழகம்மா மட்டும் வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்ததும் வயிறு வலிக்கிறது என்றாள். அது மீனாலா, உப்பாலா என்று இருவருக்கும் தெரியவில்லை.

குளக்கட்டில் இருபக்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். வெள்ளை வயிறு மேலே தெரிய மீன்கள் மிதந்தன. சாகாதவை தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மாடுகளைத் தண்ணீரில் விடவேண்டாம் என்று வீரகத்தி சத்தம் போட்டார். ஆனால் அவருடைய பசுவே விடியற்காலையில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒரு விரால்கூட சாகல பாருங்க" என்றாள் பின்னால் வந்திருந்த அழகம்மா.

உண்மைதான். பெரிய விரால் ஒன்று மேலே வந்தது, வாயை ஒருதரம் திறந்தது, வாலை அடித்துக்கொண்டு உள்ளே போனது. ஆண்டியப்பனுக்கு மேலும் குழம்பியது. மருந்து விராலுக்கு மட்டும் வழி விடுமா?

பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த கமலாசனி ரீச்சர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தா. மறுகரைக் குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை, விஞ்ஞானம் படிப்பிப்பவ.

"நஞ்செண்டால் விராலும் தப்பாது அண்ணை" என்றா வீரகத்தியிடம். "விரால் மேலை வந்து எங்களைப்போலை காத்தை எடுக்கும். மற்ற மீன் தண்ணிக்குள்ளை கரைஞ்சிருக்கிற காத்தைத்தான் எடுக்கும். அது முடிஞ்சுபோச்சுப் போலை."

"தண்ணிக்குள்ளை காத்தோ? அது எப்பிடிப் பிள்ளை முடியும்?"

"வெயிலிருந்தால் பாசி தண்ணிக்குள்ளை காத்து விடும். இரவிலை அதுவும் மூச்செடுக்கும். இப்ப வெயிலில்லாததாலை விடுறது குறைவு, எடுக்கிறதுதான் கூட. காத்தடிச்சாலும் கொஞ்சம் கரையும், அதுவுமில்லை. மீனுக்கு மூச்சு முட்டுது."

"தண்ணிக்குள்ளை நிக்கிற மீனுக்கு மூச்சு முட்டினதாம்!" என்று யாரோ சொல்ல, பல பேர் சிரித்தார்கள்.

ரீச்சரின் முகம் சிவந்தது. "நான் புத்தகத்திலை படிச்சதைச் சொன்னனான். இந்தக் குளத்திலை நடந்தது அதுதானோ எண்டு எனக்கும் வடிவாத் தெரியாது. ஆரும் பூச்சிமருந்து கழுவியிருந்தாலும் மீன் சாகும்தானே."

ஆண்டியப்பன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, "கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான்.

பஸ் நிற்கும் இடத்தில் வைத்துத்தான் மெசின் கழுவியதைப் பற்றி ராக்காயியிடம் சொன்னான். அவள் அவனையே பார்த்தாள்.

"கொளத்துல கழுவுனீங்களா, கழுவலியா?"

"தெரியலடி."

"தெரியலன்னா? நேத்து செஞ்ச வேலைதானே?"

"அதான் எனக்கும் வெளங்கல. கழுவுனேன்னு நெனச்சா கழுவுன மாதிரி இருக்கு. இல்லன்னு நெனச்சா இல்லாத மாதிரியும் இருக்கு."

அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு தன் நெற்றியை, பிறகு அவன் நெற்றியை. எல்லாம் ஒரே சூடாகத்தான் இருந்தன. தூரத்தில் பஸ் புழுதியோடு வந்தது.

"அம்மா, பசிக்குது" என்றாள் அழகம்மா.

"என்னடி சொன்ன?"

"பசிக்குது. ரொட்டி மிச்சம் இருக்கா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொண்டக்டர் வாசலில் தொங்கியபடி, "ஏறுறியளோ இல்லையோ?" என்று கத்தினான். பசிக்கிற வயிற்றில் நஞ்சு இருக்காது என்று நினைத்து, ராக்காயி இல்லை எனத் தலையாட்டினாள். பஸ் போய்விட்டது. போன பிறகு, சரியாகச் செய்தோமா என்று இருவருக்கும் மறுபடி பயம் வந்தது.

மத்தியானம் கடந்தும் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆண்டியப்பன் மறுகரைக்கு நடந்துபோய் வீரகத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அடி விழும் என்றுதான் நினைத்துப் போனான். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

"ஒரு மெசின் கழுவின தண்ணியிலை இவ்வளவு மீனும் சாகுமோ?"

"தெரியாதுங்கய்யா."

"எனக்கும் தெரியாது. போன கிழமை நானும் அங்கைதான் கழுவினனான். அண்டைக்கு ஒரு மீனும் சாகேல்லை." அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்தார். "இனி ஆரும் அதுக்குள்ளை கழுவ வேண்டாம். நானுந்தான். வா, நாறமுந்தி தாழ்ப்பம்."

இரண்டு பேருமாகக் குழி வெட்டினார்கள். மற்றவர்களும் வந்து கூடை கூடையாக மீனை அள்ளிப் போட்டார்கள். இருட்டும் வேளையில் காற்று எழும்பிக் குளத்தில் அலை அடித்தது, பின்னால் மழையும் கொட்டியது. அடுத்த நாள் ஒரு மீனும் மேலே வந்து நிற்கவில்லை.

சில நாள் கழித்து, ஆண்டியப்பன் கமலாசனி ரீச்சரை வழியில் மறித்து, அந்தக் காற்றுக் கதையை மறுபடி சொல்லச் சொன்னான். அவ சைக்கிளை விட்டு இறங்கி நின்று, மண்ணில் கோடு கீறிக் காட்டினா. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் ராக்காயி கேட்டாள்:

"என்னவாம்?"

"பாசி பகல்ல காத்து விடுதாம். அதத்தான் மீனு எடுக்குதாம். ராத்திரியில பாசியே அந்தக் காத்த எடுத்துக்குதாம்."

"குடுத்தத அதுவே ஏன் திருப்பி எடுக்குது?"

ஆண்டியப்பன் வாயைத் திறந்தான். வரும் வழியெல்லாம் விளங்கியிருந்தது, இப்போது அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது.

"இரு" என்றான். "மொதல்லேருந்து சொல்றேன்."