தட்டுவதற்கு அனுமதி

ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் தனலெட்சுமிக்கு அடி விழுந்தது செவ்வாய்க்கிழமை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது புதன்கிழமை. அரசாங்கக் காரியம் ஆமை வேகத்தில் நடக்கிறது என்று இனி யாரும் வாய் திறக்கக் கூடாது.

குடித்துவிட்டு வந்து அவள் கன்னத்தில் அறைந்த நோயாளியின் மச்சானைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு மலசலம் கழிக்க வைக்கும், வார்டுக்குச் சொந்தமான சில்வர் பெட்பானைக் கத்திரிக்கோலால் தட்டி நெளித்தது ஏன் என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

ஏன் தட்டினாள்? இருபத்தாறு ஆம்பிளை நோயாளிகளுக்குப் பகலில் அவள் ஒருத்திதான். இரண்டு வார்டுக்கு ஒரு நர்ஸ். இருந்த ஒரே காவலாளியோ நிர்வாகியின் காருக்குக் காவல். தெமோதரைப் பக்கத்தில் அவள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் தகரத்தைத் தட்டுவார்கள், லயமே திரண்டு வரும். இங்கே கைக்குக் கிடைத்தது பெட்பான். சமையல்கட்டு ஆட்கள் அகப்பையோடு ஓடி வந்ததால்தான் அவள் பிழைத்தாள்.

நிர்வாகி சிவசுப்பிரமணியம் யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்தில் டை இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. தனலெட்சுமியை நிற்க வைத்தே பேசினார்.

"லயத்துப் பழக்கத்தை இஞ்ச கொண்டு வராதேங்கோ பிள்ளை."

"அடிக்க வந்தா என்னாங்க ஐயா செய்யிறது?"

"எதெண்டாலும் எழுத்தில தாங்கோ. மேல அனுப்புவன்."

"அடி விழுகையிலயுங்களா?"

அவர் கோப்பைப் புரட்டினார். "என்ர எழுத்துமூல அனுமதி இல்லாமல் இனித் தட்டக்கூடாது. தட்டினால் நிரந்தர நியமனத்தை மறந்திடுங்கோ."

அந்த நியமனத்துக்காக ஏழு வருசம் காத்திருந்தவள். கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை, பார்வையாளர் நேரம். நிர்வாகி வார்டைப் பார்வையிட எழுந்தருளினார். கூடவே அதே மச்சானும் வந்து சேர்ந்தான், அதே நாற்றத்தோடு. டையைக் கண்டதும் பெரிய மனுசன் யாரென்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"மருந்தை வெளிய வாங்கச் சொன்னது நீதானா?" என்று டையைச் சுற்றிப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

"ஆரும் வாங்கோ!" என்றார் நிர்வாகி. அவர் சத்தம் வாசலைக்கூடத் தாண்டவில்லை. கண்கள் தனலெட்சுமியைத் தேடின. "பிள்ளை, தட்டு!"

அவள் பெட்பானைக் கையில் எடுத்துவிட்டாள். பயம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் இனித்ததும் உண்மை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"எழுத்துல குடுங்க ஐயா."

"தாறன்! தட்டு பிள்ளை, தட்டு!"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஆனாலும் ஒரு மனுசன் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. தட்டினாள். அகப்பைகள் ஓடி வந்தன.

அடுத்த திங்கட்கிழமையே ஊழியர் பாதுகாப்புத் திட்டம் அமுலுக்கு வந்தது. புதிதாக ஒரு காவலாளியைப் போட்டார்கள். அவருக்கு நிர்வாகியின் அறை வாசலில் உட்காரக் கதிரை. தனலெட்சுமியின் கடிதமும் ரத்தானது. அவள் கேட்காமலே வார்டுக்கு நெளியாத புதுப் பெட்பான்கள் வந்து இறங்கின. பழையவற்றை ஸ்டோருக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு புதியவற்றில் ஒன்றை எடுத்துக் கத்திரிக்கோலால் தட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில் கிழவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிளாஸ்டிக்.