ஆறுக்கு இரண்டரைக்கு இரண்டு

நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவது என் கணவர் வாங்கிவந்த மீனை. அரோவானா என்கிற ஜாதி. வெள்ளி நிறம், உதட்டடியில் இரண்டு மீசை. வேளாவேளைக்கு இறால் வேண்டும். கொஞ்சம் தாமதமானால் கண்ணாடியருகே வந்து முறைத்துக்கொண்டு நிற்கும். இதற்கு வேறென்ன பெயர் வைப்பது? வந்தபோது என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும் என்று எவரோ சொன்னதை இவர் அப்படியே நம்பினார். அப்புறம் இவருக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. மீன் என் தலையில் விழுந்தது.

சொல்பேச்சு கேட்கிற மீனா அது? ஒன்றே முக்கால் அடிக்கு வளர்ந்து நின்றது. இருந்ததோ மூன்றடித் தொட்டி. திரும்பும்போதெல்லாம் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் கண்ணாடியில் இடித்தது. இவர் போனில் முதலில் மீனைத்தான் விசாரிப்பார், பிறகுதான் என்னை. பெரிய தொட்டி ஒன்று பார்த்து வாங்கிவிடச் சொன்னார். என்ன அளவு என்று கேட்டதற்கு, உனக்குத் தெரியாததா என்றார். பொறுப்பைத் தள்ளிவிடுவதில் கெட்டிக்காரர்.

தொட்டிக் கடைக்காரருக்கு அரையடி என்று பெயர். யார் எந்த அளவு கேட்டாலும் இன்னும் ஓர் அரையடி சேர்த்துப் போடச் சொல்வார். என்னிடமும் நிறையப் பேசினார். இந்த மீன் இன்னும் வளரும், பத்துப் பதினைந்து வருடம் இருக்கும், இன்றைய மீனுக்கு வாங்காதே, நாளைய மீனுக்கு வாங்கு என்றெல்லாம். கடைசியில் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் என்று சொல்லி முடித்தார். எனக்கு அந்தக் கணக்கு மட்டும்தான் மனதில் நின்றது.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்து அளந்தேன். ஆறடிக்கு இடமுள்ள சுவர் ஒன்றே ஒன்று. படுக்கையறையில், எங்கள் இரட்டைக் கட்டில் கிடக்கும் சுவர். கட்டிலை எடுத்தால் அவர் வரும்போது படுக்க இடமில்லை. அவர் வந்து படுத்தே மாதக்கணக்காகிறது என்பது வேறு விஷயம். முதலில் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு யாராவது அழைப்பிதழ் வைத்தால் வந்தார், பிறகு அதுவும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். கட்டில் இருக்கும்வரை அவர் வெளியூரில் வேலை பார்க்கிற கணவர், அவ்வளவுதான்.

நான் கூரியர் ஆபீஸில் கவுன்ட்டரில் இருக்கிறேன். நாள் முழுக்கப் பெட்டிகளை அளப்பது என் வேலை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி ஓர் எண் வரும். பெட்டி படுத்திருந்தால் என்ன, நின்றால் என்ன, எண் ஒன்றாக இருந்தால் எங்களுக்கு எல்லாம் ஒன்று. ஆறு, இரண்டரை, இரண்டு: முப்பது. ஐந்து, ஒன்றரை, நான்கு: அதுவும் முப்பது. இரண்டாவது அளவு கூடத்துச் சோபாவுக்குப் பக்கத்தில் அழகாக உட்காரும், கட்டிலைத் தொடவே வேண்டாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அரையடி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, அவர் பட்டறை ஆளிடம் சொல்லிச் செய்து வாங்கிவிட்டேன்.

நான்கடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி மாப்பிள்ளையை விட்டேன். அது மேலேயே நின்றது. கீழே அத்தனை தண்ணீர் சும்மா கிடக்க, மேல்மட்டத்தில் ஒரு முனைவரை போகும், அங்கே உடம்பை வில்லாக வளைத்து, கண்ணாடியில் உரசி, திரும்பி வரும். சில நாளில் விலாப்பக்கம் செதில் உதிர்ந்து சிவந்துபோனது. அரையடி வந்து பார்த்தார், தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"மீனு என்ன படியேறியாம்மா போகும்? இது மேலயே நீந்துற ஜாதி. அகலம் இல்லாம எப்படித் திரும்பும்?" என்றார்.

உயரத் தொட்டி ஏஞ்சல் மீனுக்கு ஆகும் என்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆனால் ஆறடித் தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டால் பிறகு அசைக்க முடியாது, இடத்தை நன்றாக யோசித்துச் சொல் என்றார்.

நான் யோசிக்கவில்லை, போன் செய்தேன். மனதுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டுதான் செய்தேன். அப்போ நான் எங்க படுக்கறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கட்டில் இருக்கட்டும், மீனை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிடலாம்.

"கட்டிலை எடுத்தாதான் தொட்டி வைக்க முடியுங்க," என்றேன்.



"தரை தாங்குமா? தண்ணியோட ஒரு டன் வருமே," என்றார்.

"கீழ் வீடுதானே. தாங்குமாம்."

"அப்ப எடுத்துடு."

போனை வைத்தபின் எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். பல் மரத்துப்போகும் ஊசி போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கட்டிலை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒற்றைக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டேன். தொட்டியை நான்கு பேர் தூக்கிவந்து இரும்புச் சட்டத்தில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை உள்ளே போய், ஒரு முனையில் எதையும் தொடாமல் வட்டமடித்துத் திரும்பியது. அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் அவர் வந்தார், காலை பஸ்ஸில், கையில் சின்னப் பையோடு. நேராக அறைக்குப் போனார். வெகுநேரம் தொட்டி முன்னால் நின்றார். சரியான அளவு எடுத்திருக்கிறாய், காயமெல்லாம் ஆறிவிட்டதே என்றார். ஒற்றைக் கட்டில் அவர் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. சாயங்கால பஸ்ஸுக்கே டிக்கெட் எடுத்திருப்பதாக மட்டும் சொன்னார்.

அத்தனை நாள் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"கட்டிலை எடுக்கறேன்னு சொன்னப்ப, எங்க படுப்பேன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மீனைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேட்டிருந்தா நீ இடம் பண்ணியிருப்ப."

சரி என்றேன். அவர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து ஒற்றைக் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. எழுந்து போய் இருந்ததைப் போட்டுச் சாப்பிட்டேன், அவருக்கும் சேர்த்து ஆக்கியதை.