ரெண்டு பேர் கைவைத்த லிஃப்ட்

மண்வெட்டிக்குப் பூட்டு, பெட்ரோல் கேனுக்குப் பூட்டு, தண்ணீர்க் குழாய்க்கும் பூட்டு. இப்படிப்பட்ட மனுஷனுக்கு அப்பன் வைத்த பெயர் எப்படி நிலைக்கும்? ஊர் முழுக்க அவரைப் பூட்டு என்றே கூப்பிட்டது. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். அவர் தெருமுனை திரும்பும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டு வீட்டில் அவர் மனைவி அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள்.

தொழில், புல் வெட்டுவது. பந்து விளையாடுகிற மைதானம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அதற்கென்று சின்ன டிராக்டர், தோட்டத்தில் ஓட்டுகிற ரகம், கிழடு. வயிற்றுக்கடியில் புல்வெட்டும் தட்டு தொங்கும். நடைபாதை குறுக்கே வருகிற இடத்திலெல்லாம் கைலீவரை இழுத்துத் தட்டைத் தூக்க வேண்டும். அவர் முதுகு போன வருஷமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. இந்த வருஷம் தூக்காமலே ஓட்டி, சிமெண்ட் ஓரத்தில் மோதி பிளேடு உடைந்தது. மைதானத்துச் செயலாளர் வந்து பார்த்தார்.

"திங்கக்கிழமை ஓட்டிக் காட்டுங்க. தட்டு ஒழுங்கா ஏறி எறங்கினா வேலை உங்களுக்குத்தான். இல்லேன்னா புது மெஷின் வச்சிருக்கிறவங்ககிட்ட கொடுத்துடறோம். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்காமல்? பூட்டுக்கு யாரையும் நல்லதாக நினைத்துப் பழக்கமே கிடையாது. இந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை கிடையாது என்பதும் செயலாளருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

பழைய இரும்புக் கடையில் மோதி நசுங்கின டிராக்டர் ஒன்று கிடந்தது. இவருடைய வண்டிக்குத் தம்பி முறை, கொஞ்சம் பின்னால் வந்த மாடல். அதில் ஹைட்ராலிக் லிஃப்ட் இருந்தது. லீவரை விரலால் தள்ளினால் போதும், ஆயில் போய்த் தட்டைத் தூக்கும். அதைப் பம்போடு கழற்றிக் கொண்டுவந்து கிழட்டு வண்டியில் மாட்ட மச்சினனைக் கூப்பிட்டார். மச்சினன் வெல்டர். அவன் பற்றவைத்தது எதுவும் விட்டுப்போனதில்லை, அவன் யோசனை சொன்னது எதுவும் உருப்பட்டதில்லை என்பது பூட்டின் கணக்கு. வெல்டர் தன் மாமாவைப் பற்றி வைத்திருந்த கணக்கைச் சபையில் சொல்ல முடியாது.

வீட்டுக் கொட்டகையில் ரெண்டு பேரும் முறைத்துக்கொண்டே மாட்டினார்கள். தாங்குகிற இரும்பை வெல்டர் வெட்டிப் பற்றவைத்தான். பம்பிலிருந்து வால்வுக்கு ரெண்டு ரப்பர் ஹோஸ். ஒன்று ஆயிலைக் கொண்டுவரும், மற்றது திரும்பக் கொண்டுபோகும். ரெண்டும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன், ஒரே நட்டு.

"ஒண்ணுல பெயிண்ட் வச்சுக்கலாமா மாமா?"

"எதுக்கு? கழட்டிட்டுப் போறவனுக்குச் சுலபமா இருக்கட்டும்னா?"

பெயிண்ட் வைக்கவில்லை.

ஸ்டார்ட் பண்ணி லீவரைத் தள்ளினார்கள். பம்ப் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகியது. தட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

ஆயில் அளவு பார்த்தார்கள். சரியாக இருந்தது. உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று நட்டைத் தளர்த்தி நுரை போகிறவரை விட்டார்கள். மறுபடி ஒரு சாண். ஃபில்டரைக் கழுவினார்கள். ஒரு சாண்.

"நீங்க வாங்கிட்டு வந்த பம்ப் கெழம் மாமா. அதுக்குத் தூக்கத் தெம்பில்ல."

"பம்புக்கு என்னடா கேடு? நீ பத்தவச்ச இரும்பு கோணல். சிலிண்டர் இடிக்குது."

ஹோஸ் ரெண்டும் இடம் மாறியிருக்கும் என்று பூட்டுக்கு உள்ளுக்குள் பட்டது. அதை மாட்டினவன் வெல்டர்தானே. வெல்டருக்கும் அதேதான் பட்டது. நட்டை முறுக்கினவர் மாமாதானே. ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் எதிராளி உடனே "நானும் அதான் நெனச்சேன்" என்பான். அந்தச் சுகத்தை அவனுக்குக் கொடுக்க ரெண்டு பேருக்கும் மனசில்லை.

வெல்டர் சாப்பிடப் போனான். பூட்டு வண்டிக்கடியில் படுத்து ரெண்டு ஹோஸையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். ஸ்டார்ட் பண்ணவில்லை. சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடுவான் அல்லவா. கையில் ஆயில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவான் என்று, சோப்பு போட்டுக் கழுவக் கொல்லைப்புறம் போனார். அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் வெல்டர் திரும்பி வந்து வண்டிக்கடியில் படுத்தான். கழற்றினான், இடம் மாற்றினான், மாட்டினான். பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றான்.

ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்டார்ட் பண்ணினார்கள். ஒரு சாண்.

அப்போது அந்த ரெண்டு முகங்களையும் பார்க்க வேண்டுமே. நான் மாற்றியும் ஏறவில்லையென்றால் கோளாறு ஹோஸில் இல்லை என்று ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஹோஸ் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. பம்பைப் பிரித்தார்கள், ஒன்றுமில்லை. வால்வைப் பிரித்தார்கள், ஒன்றுமில்லை. ஹோஸை மட்டும் எந்த நுனி எங்கே இருந்ததோ அங்கேயே பத்திரமாகத் திருப்பி மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டகை முழுக்க ஆயில் கறை. ரெண்டு பேரும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

பூட்டின் மனைவி டீ கொண்டுவந்தாள். கொட்டகைக்கு எதிரில்தான் அவள் சமையல்கட்டு ஜன்னல்.

"இன்னும் ஏறலையா?" என்றாள். தம்பியைப் பார்த்து, "ஏண்டா, அந்தக் குழாய மறுபடி ஒருதரம் மாத்திப் பாக்கிறதுதானே?" என்றாள்.

"எந்தக் குழாய்?" என்றார் பூட்டு.

"ரெண்டு இருக்கே, அதுதான். நீங்க ஒருதரம் மாத்தினீங்க. அப்புறம் அவன் வந்து மாத்தினான். இந்த வேலையில அப்படித்தான் செய்வாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பூட்டு மச்சினனைப் பார்த்தார். மச்சினன் டயரைப் பார்த்தான்.

"திருட்டுப்பயலே," என்றார் பூட்டு, நிதானமாக.

"நான் திருடன்னா நீங்க யாரு மாமா? கும்பிட்டு வைக்கிற சாமியா?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் அவள். "ஆளுக்கு ஒரு குழாயப் புடிங்க. என் கண்ணு முன்னாடி மாத்துங்க."

மாற்றினார்கள். லீவரைத் தள்ளியதும் தட்டு சத்தமில்லாமல் மேலே ஏறி நின்றது. இறக்கினார்கள், இறங்கியது. மறுபடி ஏற்றினார்கள். யாரும் யாரையும் பாராட்டவில்லை.

திங்கட்கிழமை காலையில் புதுத் தலைவலி. ரிப்பேருக்காக வீட்டுக்கு வந்த டிராக்டர் திரும்பப் போக வேண்டும், மைதானமோ தூரம். இன்னொரு ஆளுக்கு இடமில்லாத தன் வண்டியில் வெல்டர் அதை ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். பின்னால் பஸ்ஸில் போன பூட்டு வழியெல்லாம் இடுப்புச் சாவிகளை எண்ணிக்கொண்டே போனார். அவ்வளவு நேரம் அவனும் டிராக்டரும் தனியாக. போய் இறங்கியபோது வெல்டர் டிராக்டரைப் புல்லில் இறக்கி நிறுத்தியிருந்தான். செயலாளர், கூட ரெண்டு கமிட்டிக்காரர்கள், கைகட்டி நின்றார்கள்.

பூட்டு யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே போய் வண்டிக்கடியில் படுத்தார்.

"மாமா, தொடாதீங்க."

"நீ தொட்டியா?"

"தொடல."

"தொடலேன்னா ஏன் இப்படி வேர்க்குது?"

"வண்டிய ஒத்த ஆளா எறக்கியிருக்கேன். வேர்க்காம குளிருமா?"

பூட்டு நட்டில் ஸ்பேனரை வைத்தார். ரெண்டு ஹோஸும் கறுப்பாகத் தொங்கின. எது எது என்று அவருக்கும் தெரியாது. இவன் மாற்றியிருந்தால் இப்போதே திருப்பி மாட்ட வேண்டும். மாற்றாமல் இருந்து தான் கைவைத்தால், செயலாளர் முன்னால் ஒரு சாண் எழும்பி நிற்கும். மச்சினன் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. இப்படி ஒரு கேவலம் தன் வாழ்க்கையில் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

"ஏதாவது கோளாறா?" என்றார் செயலாளர்.

"ஒண்ணுமில்ல. நட்டு டைட்டா இருக்கான்னு பாத்தேன்."

எழுந்தார். முட்டியைத் தட்டிக்கொண்டு சீட்டில் ஏறினார். வெல்டரைப் பார்க்காமல் லீவரைத் தள்ளினார்.

தட்டு ஏறியது. முழுக்க ஏறியது.

செயலாளர் தலையாட்டினார். "நடைபாதையத் தாண்டிக் காட்டுங்க." தாண்டிக் காட்டினார். கமிட்டிக்காரர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார். இந்த வருஷமும் நீங்களே பாருங்க என்று சொல்லிவிட்டு எல்லாரும் போனார்கள்.

வெல்டர் மட்டும் போகவில்லை. ஓரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். "வீட்டுக்குப் போடா," என்று பூட்டு புல் வெட்டிக்கொண்டே ஒரு சுற்றில் கத்தினார். அடுத்த சுற்றிலும் அவன் அங்கேயே இருந்தான். வெயில் ஏறியது. தொண்டை காய்ந்தது. தண்ணீர்க் குழாய் எதிர்க்கோடியில் இருந்தது. இறங்கிப் போகலாம்தான். போனால் அவ்வளவு நேரம் வண்டி தனியாக நிற்கும், அவனும் இருப்பான்.

பூட்டு இறங்கவில்லை. கடைசியில் வெல்டரே ஒரு பாட்டில் தண்ணீரோடு புல்லில் நடந்து வந்தான். பூட்டு வண்டியை நிறுத்தினார், இஞ்சினை நிறுத்தவில்லை. ஒரு கையை லீவர் மேலேயே வைத்துக்கொண்டு, மறுகையால் பாட்டிலை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.